கிலோமீட்டர் ஏறிய பிக்கப்: வடசென்னையில் அதைக் காக்கும் வழி

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிக்கப் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அதன் இன்ஜினைவிட, அது ஓடும் ஊர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. கொடுங்கையூர், மூலக்கடை, மணலி, திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் அன்றாடம் கண்ணில் படும் சிறு சரக்கு வண்டிகள் மூன்று: 2005இல் வந்த டாடா ஏஸ் என்கிற குட்டி யானை, 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திராவின் பொலீரோ பிக்கப். பழைய ஏஸில் இருப்பது 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜின். தோஸ்தில் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். பொலீரோவில் இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர். அமைப்பில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், இந்த வட்டாரத்தில் மூன்றும் கெடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே அடிச்சட்டம் துருவேறி வலுவிழக்கிறது. ஆகவே இங்கே பராமரிப்பின் வரிசையும் மாற வேண்டும்: முதலில் சேசிஸ், அடுத்து ரேடியேட்டர், அதன் பிறகு இன்ஜின்.

மீட்டர் காட்டாத கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா டன்ட்ரா பிக்கப் ஒன்று 2016இல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது. அதாவது 16 லட்சம் கிலோமீட்டர். இன்ஜினும் கியர்பாக்ஸும் முதலில் வந்தவையே. அந்த வண்டியை நிறுவனமே திரும்பப் பெற்று, பிரித்து ஆராய்ந்தது. தவறாத சர்வீஸ் ஒரு காரணம். அது ஓடியது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் என்பது இன்னொரு காரணம். சூடேறிய இன்ஜின் சீரான வேகத்தில் ஓடும்போது தேய்மானம் மிகக் குறைவு.

துறைமுகச் சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்குப் பின்னால் ஒரு பிக்கப் அரை மணி நேரம் ஊர்ந்தாலும் மீட்டரில் ஏறுவது இரண்டு கிலோமீட்டர். இன்ஜினோ அந்த அரை மணியும் சுற்றியிருக்கிறது. கிளட்ச் நூறு முறை அழுந்தியிருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கி.மீ. என்று இருந்தால், சராசரி 50 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது 200 மணி நேர ஓட்டம். சராசரி 15 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு அதே 10,000 கி.மீ. 660 மணி நேரத்துக்கு மேல். மூன்று மடங்குக்கும் அதிகமான நேரம் அதே ஆயில் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது.

எனவே நகருக்குள்ளும் துறைமுகத்துக்கும் மட்டுமே ஓடும் வண்டிக்கு, கையேடு சொல்லும் இடைவெளியில் பாதியையே வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான கையேடுகளிலேயே, கடுமையான சூழலில் ஓடும் வண்டிக்குக் குறைந்த இடைவெளி தனியாகத் தரப்பட்டிருக்கும். வடசென்னை ஓட்டம் எந்த ஐயமும் இல்லாமல் அந்த வகையில் அடங்கும். டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து, தேதி, கிலோமீட்டர், அன்று வண்டி ஓடிய மணி நேரம், போட்ட டீசல், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வந்தால் போதும். ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால், வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கியதும் டீசல் செலவு ஏறியதும் தானாகவே தெரிந்துவிடும்.

சேசிஸ்

கடற்காற்றில் வரும் உப்பு எந்த வண்டியையும் விடுவதில்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டிக்கு வரும் கேடு அதைப் போலப் பல மடங்கு. ஐஸ் உருகி, மீன் கழுவிய உப்புத் தண்ணீரோடு கலந்து, தொட்டியின் பலகை இடுக்குகள் வழியாக நேரே சேசிஸ் மேல் சொட்டுகிறது. சொட்டும் இடத்தில்தான் பின்பக்கக் கமான் பட்டையின் முன் பிராக்கெட், பிரேக் ஆயில் செல்லும் இரும்புக் குழாய், டீசல் டேங்கைக் கட்டியிருக்கும் பட்டி எல்லாம் இருக்கின்றன. இதற்கு அதிகச் செலவில்லாத தீர்வு உண்டு. தொட்டியின் தரையைத் தகடு போட்டு மூடி, தண்ணீர் வடிய ஒரே இடத்தில் துளை வைத்து, அதில் ஒரு அடி நீளக் குழாயை இறக்கி, சட்டத்தைத் தாண்டிக் கீழே விழச் செய்ய வேண்டும். லோடு இறக்கியதும் மேலே கழுவுவதோடு நிறுத்தாமல், நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சிக் கழுவுவதும் அன்றைக்கே நடக்க வேண்டும்.

துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெயின்ட் மேலே நன்றாக இருக்க, உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். அரைக் கிலோ சுத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்து, இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். சுத்தி துள்ளித் திரும்பும். துருப்பிடித்த இடத்தில் ஓசை மங்கி, செதில் செதிலாகத் துரு உதிரும். கமான் பிராக்கெட் ரிவெட் அடித்த இடங்கள், கேபின் மவுன்ட், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், ஸ்டெப்னி தாங்கி ஆகியவற்றில் கூடுதலாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பெட்டி வடிவில் மூடப்பட்ட சட்டங்களுக்கு அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். சேறு அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கும். ஒரு கம்பியை விட்டு அவற்றைத் திறந்துவிடுவது இரண்டு நிமிட வேலை. அந்த வேலையைச் செய்யாத வண்டிகளே அதிகம்.

மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவை மாற்றும் அமிலக் கரைசல் பூசி, பிரைமர், அதன் மேல் எப்பாக்ஸி பெயின்ட் என்பதே முறை. மூடிய சட்டங்களின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த எண்ணெயைத் தெளிக்கலாம். இதை மார்ச் முதல் மே வரையிலான காய்ந்த மாதங்களில் செய்ய வேண்டும். ஈரமான இரும்பின் மேல் கெட்டியான கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பது துருவை உள்ளே வைத்து மூடுவதாகும். பூச்சு மேலே பளபளக்க, கீழே தகடு அரித்துக்கொண்டே போகும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைக்கும் வழக்கம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. அன்றைக்கே அடியில் ஒரு பார்வை பார்த்துவிடுவது ஆண்டுச் சோதனைக்குப் பொருத்தமான ஏற்பாடு.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது புழுதியைப் பிடித்து வைக்கிறது. ரப்பர் புஷ்களை ஊதச் செய்து கெடுக்கிறது. மழையில் கழன்று தெருவின் தண்ணீரில் கலக்கிறது.

சட்டத்தில் வெல்டிங் தேவைப்பட்டால், பேட்டரி இணைப்பையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யு.வின் இணைப்பையும் முதலில் கழற்ற வேண்டும். கழற்றாமல் வைத்த பற்றால் இ.சி.யு. பழுதானால், வெல்டிங் கூலியைப் போலப் பல மடங்கு செலவாகும். நீளச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே பற்ற வைப்பது கூடாது. வளைவின் பாரம் முழுவதும் அந்த விளிம்புகளில்தான் விழுகிறது, பற்று வைத்த இடத்தை ஒட்டியே விரிசல் தொடங்கும்.

ரேடியேட்டர்

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகப் பதிவான செய்தி. மணலி, கொடுங்கையூர் பக்கமும் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புதான். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதே இங்கே இன்ஜின் சூடேறுவதற்கு முதல் காரணம் எனலாம். உப்பும் சுண்ணாம்பும் குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் ஓடும் வழியைக் குறுக்குகின்றன. அலுமினிய ஹெட்டை அரிக்கின்றன. நெடுஞ்சாலையில் காற்று வேகத்தால் சமாளித்துவிடும் வண்டி, டிரெய்லர் வரிசையில் நின்றதும் முள்ளை ஏற்றுகிறது. அப்படி ஒருமுறை கொதித்தாலே ஹெட் கேஸ்கெட் போய்விடலாம்.

தயாராகக் கலந்து விற்கப்படும் கூலன்ட், அல்லது வடிகட்டிய நீரில் சரிபாதி கலந்த கூலன்ட், இரண்டில் ஒன்றைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது. அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், அந்த வாரமே முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். அது சுமார் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கி, உள்ளிருக்கும் நீரின் கொதிநிலையை 120 டிகிரி வரை உயர்த்தும் கருவி. அதன் ரப்பர் இறுகிப் போனால் வண்டி காரணமே தெரியாமல் தண்ணீர் குடிக்கும். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கமும் தவறு. அது இல்லாத இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வராமலே ஓடி, ரிங்கும் சிலிண்டரும் விரைவில் தேய்கின்றன.

ஆயில், டீசல், காற்று

பழைய வண்டி என்பதால் கெட்டியான ஆயில் போட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கையேட்டில் உள்ள கிரேடு எதுவோ அதுவே போதும். பழைய டீசல் பிக்கப்களில் அது பெரும்பாலும் 15டபிள்யூ-40. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால், மெல்லிய ஆவி வருவது இயல்பு. புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே இறங்குகிறது என்று பொருள். கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்க வேண்டிய நேரம் அது. சைலன்சரில் கரும்புகை என்றால் காற்று குறைவு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

டர்போ உள்ள வண்டியை நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை வாரம் ஒருமுறை தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும். காமன் ரெயில் வண்டிகளில் அந்தத் தண்ணீர் இன்ஜெக்டருக்குப் போனால் செலவு பெரிது. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும், கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கின் புழுதியும் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கின்றன. காற்று அடித்துச் சுத்தம் செய்வதற்கும் எல்லை உண்டு. உட்புறத்திலிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில், ஓரிரு முறை மட்டும் அடிக்கலாம். அதற்கு மேல் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, சாம்பல் நேரே சிலிண்டருக்குப் போகும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இன்னொரு கவனம் வேண்டும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 550 முதல் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். வரிசையில் ஊரும் வண்டியில் அந்தச் சூடு வராது. எரிப்பு பாதியில் நின்றுபோகும். இதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல் ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறத் தொடங்கும். மட்டம் ஏறுகிறதே என்று மகிழாமல் உடனே ஆயிலை மாற்ற வேண்டும். வாரத்தில் ஒருநாள் மாதவரம் தாண்டி செங்குன்றம் பக்கம், அரை மணி நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சிக்கல் வராது. டி.பி.எஃப்.-ஐக் கழற்றிவிடுவது சட்ட விரோதம். அந்தப் புகையைச் சுவாசிப்பதும் இதே தெருக்களில் உள்ளவர்கள்தான்.

கமான் பட்டையும் பிரேக்கும்

இரும்புக் கம்பி, சிமென்ட், பழைய இரும்பு ஏற்றும் வண்டிகளில் கூடுதல் பட்டை போடுவது பரவலான வழக்கம். பட்டை கூடுவதால் வண்டியின் தாங்குதிறன் கூடிவிடுவதில்லை. ஆக்சில், வீல் பேரிங், சேசிஸ் பிராக்கெட், பிரேக் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. சில பிக்கப்களில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். பாடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது லோடை அறிகிறது. கூடுதல் பட்டையால் பாடி தாழாமல் நின்றால், முழு லோடிலும் வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதன் மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பட்டை வேலை முடிந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் முறிந்து, ஆக்சில் கோணலாக நகர்ந்துவிடும். ஷேக்கிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆகியவற்றின் கிரீஸ் நிப்பிள்களுக்கு, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். முதல் கியரில் கிளம்பும்போது அடியில் ‘டக்’ என்று கேட்டால் கிராஸைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சில் ஹவுசிங்குக்கும் ஒரே ஆயிலை ஊற்றுவது இன்னொரு தவறு, ஹவுசிங்குக்கான ஜி.எல். 5 ஆயில் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை சின்க்ரோ கோன்களை அரிக்கும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அந்தக் குறைந்தபட்ச அளவு 155. கடலோர ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு மேல் அதை விட்டுவைக்கக் கூடாது. டயரில் தேய்மானக் குறி 1.6 மி.மீ.; மழைக்காலத்தில் அந்தக் குறியைத் தொடும்வரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவது நல்லது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. 2023இல் எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெயும் கலந்து பரவியது. மழை பலத்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவது ஆண்டுதோறும் நடப்பது. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்ப்பதுதான் முதல் தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அது அமுங்காமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, வண்டியைக் கட்டியிழுத்து மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

இன்ஜின் நனையவில்லை என்றாலும் ஹவுசிங்கை மறக்கக் கூடாது. சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது, காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வடிதிருகைத் திறக்கும்போது ஆயில் பால் நிறத்தில் வந்தால், அன்றே மாற்ற வேண்டும். வீல் பேரிங், பிரேக் டிரம் ஆகியவற்றையும் அந்த வாரத்துக்குள் பிரித்துக் கழுவி, கிரீஸ் வைக்க வேண்டும். எர்த் இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து வாஸ்லின் பூசிவிட்டால், மாதங்கள் கழித்து வரும் காரணம் புரியாத எலெக்ட்ரிக்கல் கோளாறுகளில் பாதி வராது.

உதிரி பாகம்

புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் வசதியானவை. எதை அங்கே வாங்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். கதவு, பின் பலகை, கியர்பாக்ஸ் கூடு, சீட், விளக்குக் கூடு ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள், ரப்பர் ஹோஸ், பேரிங் ஆகியவற்றைப் பழையதாக வாங்கக் கூடாது. ஃபில்டரிலும் பேரிங்கிலும் போலிச் சரக்கு புழங்குவதால், இரண்டையும் பில்லோடுதான் வாங்க வேண்டும். பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர், டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்து, மாற்றிய குறிப்பு இல்லையென்றால், முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும்.

செலவு செய்வதா, விற்பதா

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். ஆண்டு எஃப்.சி. தொடங்கும் வயதில்தான், இந்த வண்டியை வைத்திருப்பதா என்ற கேள்வியும் எழுகிறது. பெரும்பாலோர் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டு விடை சொல்கிறார்கள். இன்ஜினுக்கு ரிங் வேலையோ முழு வேலையோ செய்துவிட்டால் மீண்டும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். கிளட்ச், கியர்பாக்ஸ், பம்ப் எல்லாம் மாற்றக் கூடியவை. சுத்தியின் ஓசை கணீரென்று வரும் சேசிஸ் உள்ள வண்டிக்கு இன்ஜின் இறக்கி வேலை பார்ப்பது நியாயமான செலவு. கமான் பிராக்கெட்டை ஒட்டிய நீளச் சட்டத்தில் ஓட்டை விழுந்த வண்டியாக இருந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போடாமல் லோடு ஏற்றுவதை நிறுத்தி, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து ஆர்.சி.-யை ரத்து செய்துவிட வேண்டும்.